நேர்ந்துவிட்ட சேவலும் ஒரு மழைக்காலமும்

மே மாதம் முடியும்போது எங்கள் சந்தில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடிதான் நடப்பார்கள். தகரத்தில் எங்கே ஓட்டை, தாட்பத்ரி என்கிற நீலத் தார்ப்பாய் எங்கே கிழிந்திருக்கிறது, போன மழைக்குக் கட்டிய கயிறு இந்த மழைக்கும் தாங்குமா என்று வீட்டுக்கு வீடு கூரைமேல் ஓர் ஆள் நிற்கும். இந்த வருஷம் நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டின் பின்சுவருக்கும், பின்னால் பட்டறை வைத்திருக்கும் பாயின் சுவருக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் என்கிற அகலத்தில் ஓர் இடம் உண்டு. தாராவியில் அதைக் கொல்லைப்புறம் என்று சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு சேவலும் மூன்று பெட்டைகளும் நின்றன. பெட்டைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. சேவலுக்கு ஒன்று என்றால் என் வீட்டுக்காரருக்கும் ஒன்று ஆகிவிடும் என்று நான் நம்பினேன்.

பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நான் வடாலாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுப்பவள். இதயத்தின் நான்கு அறைகளைச் சாக்பீஸால் வரைந்து, ரத்தம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டுபவள். அதே வாயால்தான் தை மாதம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டேன்.

அன்று அவர் பெல்ட் பட்டறையில் மெஷின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவில்லை. அவருடைய தம்பி டாக்ஸியில் போட்டுக் கொண்டுவந்தார். கதவை மூடிவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் நான்கு அறையும் அம்புக்குறியும் நினைவுக்கு வரவில்லை, சாமிதான் வந்தது. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, பனைகளுக்கு நடுவில், கூரை இல்லாமல் நிற்கிற எங்கள் குலசாமி. "இந்த உயிர விட்டுரு. உனக்கு ஒரு உயிரு தாரேன். என் கையால வளத்த சேவல் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

சேவல் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். கொடை என்கிற கோவில் திருவிழாவுக்குப் போகிற வழியில் சந்தையில் ஒன்றை வாங்கிக் காலைக் கட்டிக் கொண்டுபோயிருக்கலாம், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் எங்கள் வழக்கத்தில் அதற்கு மதிப்புக் குறைவு. குஞ்சிலேயே ஒன்றைச் சாமிக்கு என்று ஒதுக்கி, அடிக்காமல், விற்காமல், விரட்டாமல் வளர்த்துக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் அறுப்பதுதான் மரியாதை. ஊரில் அது சுலபம். அது பாட்டுக்குத் தெருவில் மேயும், நேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். மும்பையில் மழையையும் சாக்கடையையும் பெருச்சாளியையும் வைத்துக்கொண்டு எப்படி வளர்ப்பாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை. சாமியும் கேட்கவில்லை. 'என் கையால வளத்த' என்பது நானாகச் சேர்த்துக் கொடுத்தது.

அவர் பிழைத்து வந்தார். கனமான எதையும் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, பட்டறைத் தூசி ஆகாது, இந்த வருஷம் ரயிலில் ரெண்டு நாள் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். சித்திரைக் கொடை கைவிட்டுப் போயிற்று. அடுத்த சித்திரை வரைக்கும் சேவலைக் காப்பாற்றியாக வேண்டும். காப்பாற்ற முதலில் ஒரு சேவல் வேண்டும்.

என் நாத்தனாரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அக்கா, கல்யாணில் இருக்கிறாள், வீட்டுக்குப் பின்னால் உண்மையாகவே மண்ணும் முருங்கை மரமும் உண்டு, கோழி வளர்க்கிறாள். ஒரு ஸ்வீட் கடை அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, நாலு குஞ்சுகளை உள்ளே வைத்து லோக்கல் ரயிலின் லேடீஸ் டப்பாவில் கொண்டுவந்துவிட்டாள். பெட்டிக்குள் என்ன என்று பக்கத்தில் இருந்தவள் ஹிந்தியில் கேட்டிருக்கிறாள். "மிட்டாய்" என்றாளாம் இவள். பெட்டி கீச்கீச்சென்று கத்திக்கொண்டே கல்யாணிலிருந்து சயான் வரை வந்திருக்கிறது.

"ஏளா, ஒத்தச் சேவலா வச்சா கத்திக் கத்தியே தொலையும். மூணு பெட்டையும் தொணைக்குக் கெடக்கட்டும்" என்றாள். அவரிடம், உடம்பு தேறுவதற்கு நாட்டுக்கோழி முட்டை, அதற்குத்தான் என்று சொல்லிவைத்தோம். அவர் நம்பினார். நம்பினார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் அவர் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். பட்டறையில் எட்டு மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகிய மனுஷன், கட்டிலில் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறையைத் தம்பி பார்த்துக்கொண்டார். அங்கே என்ன நடக்கிறது என்று இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு எப்படி என்றால் "ம்". வலி இருக்கிறதா என்றால் "ம்ஹும்". எனக்கு அந்த இரண்டு சத்தங்களையும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் அர்த்தம் தேடுவதே வேலையாகிப் போனது.

குஞ்சுகள் வந்ததும் முதலில் நாற்றம் என்று முகம் சுளித்தார். பிறகு ஒருநாள் நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது தரையில் உட்கார்ந்து பிளைவுட் துண்டுகளை அளந்துகொண்டிருந்தார். தம்பியிடம் சொல்லிப் பட்டறையின் உடைந்த கட்டிங் டேபிளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அதன் கால்களில் ஒரு கூடு எழும்பியது. முன்னால் கம்பிவலை, உள்ளே உட்காரக் குறுக்குக் கம்பு, எச்சம் விழுந்தால் இழுத்துக் கொட்ட ஒரு தகரத் தட்டு. தகரத்தின் ஓரம் கோழிக் காலைக் கிழிக்காமல் இருக்கத் தோல் வார் வைத்துத் தைத்திருந்தார். பெல்ட்டுக்குக்கூட அவ்வளவு நுணுக்கமாகத் தைத்து நான் பார்த்ததில்லை. சேவல் பெரிதானதும் அதனுடன் பேசவும் தொடங்கிவிட்டார். "என்னலே, முறைக்க?" என்பார். அது தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்க்கும்.

வெட்டப்போகிற ஒன்றின்மீது இவர் உயிரை வைக்கிறாரே என்று எனக்குப் பயம் வந்தது. ஆனால் என்னிடம் இருந்த பயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அது கடைசியில்தான் நின்றது.

மழை வந்தது. இங்கே மழை வருவதைப் பற்றி யாரும் கதை எழுத வேண்டியதில்லை, குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்துபோன மாதிரி செப்டம்பர் வரை ஊற்றும். பட்டறைச் சுவரிலிருந்து எங்கள் சுவருக்குத் தாட்பத்ரியை இழுத்துக் கட்டினோம். கூட்டைச் செங்கல் வைத்து உயர்த்தினோம். பட்டறைக்காரர் பாய், தென்காசிப் பக்கத்துக்காரர், பை தைப்பவர், பக்கத்து மரக்கடையிலிருந்து மூட்டை மூட்டையாக மரத்தூள் வாங்கிக் கொடுத்தார். அதைக் கூட்டில் பரப்பினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் பரப்பினால் மாலையில் களி. அள்ளிக் கொட்டிவிட்டு மறுபடி பரப்ப வேண்டும். மக்காச்சோளத்தில் பூசணம் பிடித்தது. கம்பை வாணலியில் வறுத்துப் போட்டேன். துணி காயவில்லை, சுவர் காயவில்லை, எதைத் தொட்டாலும் கோழி எச்சத்தின் வாடை.

"தங்கச்சி, பிரியாணி எப்போ?" என்று பாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். விளையாட்டுக்குத்தான். நான் கூட்டின் கொக்கியை இன்னொரு தடவை சரிபார்ப்பேன்.

காலையில் எழுந்ததும் முதலில் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிறகு பின்கதவைத் திறந்து சேவலின் கொண்டையைப் பார்ப்பேன். சிவப்பாக இருந்தால் ஸ்கூலுக்குக் கிளம்பலாம். கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் அன்றைக்குப் பாடம் நடத்திய மாதிரிதான். வகுப்பில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்வேன். "சேவல் தின்னுச்சா?" அவர் "ம்" என்பார். அந்த 'ம்' கேட்டால் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்கு.

தாட்பத்ரி ஒருநாள் காற்றில் பிய்ந்துகொண்டது. தம்பி வந்து கட்டும்வரை நான் குடையை விரித்துச் சேவலுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றேன். பெட்டைகள் மூன்றும் என்னோடு சேர்ந்து நனைந்தன. எதிர்வீட்டு மராட்டிக்காரி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, அதன்பின் என்னைக் கண்டாலே குடையைப் பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அவளுடைய புருஷன் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் தினமும் ஆறு மாடி ஏறி வேலை பார்க்கிறவன்.

ஆனியில் ஒரு பெட்டையைப் பெருச்சாளி கடித்துப் போட்டது. சாக்கடை நிரம்பினால் அவற்றுக்கும் போக்கிடம் இல்லை, மேலே வந்துவிடுகின்றன. காலையில் அவர்தான் பார்த்தார். வெகுநேரம் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய்ச் சேவலின் கால், கழுத்து, இறக்கைக்கு அடி என்று தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

ஆடி மாதத்தில் அந்த நாள் வந்தது. காலையில் கிளம்பும்போது சாதாரண மழைதான். இரண்டாவது பீரியடில் வெளிச்சம் போய்விட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஹார்பர் லைன் ரயில் நின்றுவிட்டது என்றார்கள், பஸ்ஸும் இல்லை. அவருக்குப் போன் செய்தேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். பிறகு மணியும் அடிக்கவில்லை.

எனக்கு அங்கே நின்றபடியே வீட்டுக்குள் நடப்பது தெரிந்தது. எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே மாளா என்கிற பரண் அறை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரும்பு ஏணி, செங்குத்தாக. டாக்டர் படி ஏறக் கூடாது என்றதிலிருந்து அவர் மாளாவுக்குப் போனதே இல்லை. தண்ணீர் வந்தால் முதலில் கொல்லைக்குத்தான் வரும். கூடு மூழ்கும். மனுஷன் சும்மா இருக்க மாட்டார். அந்தக் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவார்.

நடந்தேன். வடாலாவிலிருந்து கிங் சர்க்கிள் வரைக்கும் முழங்கால் தண்ணீர். பாலத்துக்குக் கீழே இடுப்பு வரைக்கும் வந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் கையைக் கோத்துக்கொண்டு கடந்தார்கள், நானும் ஒரு கையைப் பிடித்துக்கொண்டேன். மேன்ஹோல் திறந்திருக்கும், கம்பத்தைத் தொடாதே, ஓரமாகப் போகாதே என்று யாரோ கத்திக்கொண்டே வந்தார். எனக்கு அதெல்லாம் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. சேவல் மூழ்கியிருந்தால் என்ன ஆகும், சேவலைக் காப்பாற்ற அவர் ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கமும் மாறி மாறி யோசித்துக்கொண்டு நடந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவர்தான் செத்தார். சாமியைத் திட்டினேன். நல்ல கெட்ட வார்த்தையாகவே திட்டினேன். பிறகு பயந்துபோய் மன்னிப்புக் கேட்டேன்.

சந்துக்குள் நுழைந்தபோது செருப்பு ஒன்று இல்லை. கதவைத் தள்ளினேன். கீழ் அறையில் கட்டில் மிதக்கிற மாதிரி நின்றது. அவர் இல்லை. அண்ணாந்து பார்த்துக் கத்தினேன்.

"சேவல் எங்க?"

ஏணியின் மேல்முனையில் அவர் தலை தெரிந்தது. தலையெல்லாம் மரத்தூள்.

"நான் நல்லாருக்கேன்" என்றார். "சேவலும் நல்லாருக்கு."

மேலே ஏறிப் போனேன். சேவல் அவருடைய மழைக்கோட்டுக்குள் இருந்தது, பொத்தான் சந்தில் தலை மட்டும் வெளியே. பெட்டைகள் இரண்டும் அரிசி டிரம்மின் மேலே. கூட்டைத் தூக்க முடியாமல் கோழிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி இறங்கியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. உனக்கென்ன பைத்தியமா, செத்துத் தொலைந்தால் நான் என்ன செய்வேன் என்று ஒருமையில் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படிப் பேசியதில்லை. கத்திக்கொண்டே அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. முகம் நன்றாகச் சிவந்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, "ஏட்டி, பசிக்கு, என்ன இருக்கு?" என்று கேட்டார்.

தண்ணீர் வடிந்த பிறகும் கொல்லை காய நாளானது. அதுவரை மாளாவில் ஐந்து பேரும் குடித்தனம் செய்தோம். சேவல் விடியுமுன் காதுக்குப் பக்கத்தில் கூவும், அவர் தூக்கத்திலேயே "சர்தாம்லே" என்பார். சமையல் சாமான், புத்தகம், என் பாடத் திட்டம் எல்லாவற்றின்மேலும் எச்சம். நான் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பழைய செய்தித்தாளை விரித்துப் படுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில்தான் நான் கொஞ்சம் தூங்கினேன். பார்க்க வேண்டிய இரண்டு உயிரும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தன.

மழை விட்டு அக்டோபர் வெயில் அடித்தது. எல்லாவற்றையும் வெளியே போட்டுக் காயவைத்தோம். கண்டம் தாண்டிவிட்டோம் என்று நான் நினைத்த சமயத்தில் சேவலின் வால் உதிரத் தொடங்கியது. பச்சையும் கறுப்புமாக வளைந்து நிற்கும் நீள இறகுகள் காலையில் கூட்டில் கிடந்தன. கழுத்தில் தோல் தெரிந்தது. ஊனமான உயிரைச் சாமி ஏற்காது. நாத்தனாருக்குப் போன் போட்டு அழுதேன். "ஏளா, மழ முடிஞ்சா எல்லாக் கோழியும் எறகு உதுக்கும், திரும்ப மொளைக்கும். நீ உன் மண்டையப் போட்டு உதுக்காத" என்றாள். அவர் அந்த இறகுகளைப் பொறுக்கி ஒரு டம்ளரில் செருகி டி.வி. மேல் வைத்தார். கார்த்திகைக்குள் புது வால் முளைத்தது, பழையதைவிட நீளமாகவே.

இங்கே குளிர் என்பது சில வாரத்துக் கூத்து. விடியற்காலையில் வடக்கேயிருந்து ஒரு காய்ந்த காற்று வரும். சந்து முனையில் குப்பையைக் கொளுத்திக் குளிர் காய்வார்கள். புகை மேலே போகாமல் கூரை உயரத்திலேயே நிற்கும். எனக்கு அதுவரை மழைதான் எதிரி. குளிரை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. எங்கள் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்றால் விடுமுறை மாதிரிதான் தோன்றும். தாட்பத்ரியைக்கூட அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டோம், கோழிக்கு வெயில் படட்டும் என்று.

ஒருநாள் காலையில் சேவல் கூவவில்லை. போய்ப் பார்த்தேன். கொண்டை நுனி நீலம் பாரித்திருந்தது. கண்ணோரம் நீர். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது, தொண்டையில் கொர் கொர்ரென்று ஒரு சத்தம்.

தாட்பத்ரியைத் திரும்பக் கட்டினோம். கூட்டுக்குள் அறுபது வாட் பல்பைத் தொங்கவிட்டார் அவர். கோழி டாக்டரிடம் போய், தண்ணீரில் கலக்கும் ஒரு மஞ்சள் பொடி வாங்கி வந்தேன். சின்ன வெங்காயம், மஞ்சள், மிளகு அரைத்து உருட்டித் தொண்டையில் தள்ளினேன். பெட்டைகளைத் தனியாகப் பிரித்து வைத்தோம். அவர் சேவலை மடியில் வைத்துக்கொண்டு, வெந்நீர்ச் சட்டியின் ஆவி அதன் முகத்தில் படும்படி பிடித்திருப்பார். அந்த ஆவி அவருக்கும் படும். புகை நாளில் அவருக்கும் இருமல் வந்தது. நான் சமையல் மூலையில் நின்றுகொண்டு, இந்தக் கொர் யாருடையது, அந்தக் கொர் யாருடையது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பிரித்துச் சொல்ல முடியாமல் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

பாய் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, வருத்தப்படாத. மூச்சு நிக்கதுக்கு முன்னால சொல்லு, அறுத்துருவோம். சும்மா போவக் கூடாது பாரு." நல்ல மனசோடு சொன்னதுதான், ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள். நான் அவரை என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மனுஷன் தலையை இழுத்துக்கொண்டார். இரண்டு நாள் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நாத்தனார் வேறொரு வழி சொன்னாள். கல்யாணில் அவளிடம் ஒரு விடலைச் சேவல் இருக்கிறதாம். அதை இதன் பக்கத்தில் வைத்து, இதுக்குப் பதில் அது என்று சாமியிடம் சொல்லிவிடலாமாம்.

"சாமிக்குத் தெரியாதா மைனி, அது நான் வளத்ததில்லன்னு?"

"நான் வளத்தா என்னளா? அவன் எனக்குத் தம்பி இல்லியா?"

நியாயமான கேள்வி. ஆனால் மனசு ஒப்பவில்லை. என் கையால என்று சொன்னது நான்.

மார்கழி பிறந்த அன்று காலை பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே சேவல் ஒருக்களித்துக் கிடந்தது. தொட்டேன். இறகு பல்பின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது, அதனால் ஒரு கணம் ஏமாந்தேன். தூக்கினேன், கழுத்து தொங்கியது.

எனக்கு முதலில் தோன்றியது அவர் எழுவதற்கு முன் எப்படியாவது இதை மறைக்க வேண்டும் என்பதுதான். எங்கே மறைப்பது? வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலில் அவர் அசையாமல் கிடந்தார். மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன். காற்று வருகிறதா என்று தெரியவில்லை. இன்னும் குனிந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் இன்னொரு கையில் சேவல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். சேவலை என் கையிலிருந்து வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அதன் கண்ணை மூடிவிட்டார்.

"நேந்துவிட்டதுதான இது?" என்றார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "யாரு சொன்னா?"

"அக்காதான். கொண்டாந்த அன்னைக்கே சொல்லிட்டா. ரகசியம் அவ வயித்துல என்னைக்குத் தங்கிருக்கு?"

"தெரிஞ்சுக்கிட்டா சும்மா இருந்திய? ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லிருப்ப? இது பின்னாலேயே நீ சுத்திக்கிட்டிருந்த. சரி, அவளுக்கு ஒரு பிடிமானம்னு விட்டுட்டேன்." சேவலின் புது வாலை நீவிவிட்டார். "எனக்கும் இதப் பாத்தா ஒரு மாதிரி இருக்கும். எனக்குப் பதிலா நீ போகப்போறியேலேன்னு."

"இனி என்ன ஆகும்?" என்றேன். இத்தனை மாதம் யாரிடமும் கேட்காத கேள்வி. "சாமி எடுத்துக்கிட்டானா, வேண்டாம்னு தள்ளிட்டானா?"

"ஏட்டி, கோழி செத்தா கோழி செத்துது. நான் செத்தாத்தான் நான் செத்தேன். எந்திரி."

பாய்தான் ஸ்கூட்டரை எடுத்தார். நான் கத்தியதை அவர் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் சேவலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். மாஹிம் பக்கம் கழிமுகத்தை ஒட்டி எங்கேயோ கொஞ்சம் மண் இருக்கிறதாம், புதைத்துவிட்டு வந்தார்கள். நெஞ்சு வலி வந்த பிறகு நானில்லாமல் அவர் சந்தைத் தாண்டிப் போனது அன்றுதான். அவர் திரும்பி வரும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

அதோடு பயம் விட்டுப்போயிற்று என்று எழுத ஆசைதான். விடவில்லை. கொடைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கல்யாண் விடலையைக் கொண்டுபோவதா, போகாமலே இருப்பதா, சாமியிடம் நேரில் போய் நின்று நடந்ததைச் சொல்வதா என்று தினமும் ஒரு முடிவு எடுத்து மாற்றுகிறேன். பெட்டைகள் இரண்டும் தேறிவிட்டன. அவை குளிருக்கு முட்டையிடுவதை நிறுத்திவிட்டாலும் அவர் மரத்தூளை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் காலையில் பின்கதவைத் திறந்து ஒரு கொண்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கிளம்ப இப்போது வழியில்லை. பார்ப்பதற்கு அவர் முகம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் அவரிடமே கேட்கிறேன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று: "நெஞ்சு எப்படி இருக்கு?" அவர் இப்போது 'ம்' என்று சொல்வதில்லை. பெரும்பாலும் "நல்லாருக்கு, போய்ட்டு வா" என்பார். போன வாரம் ஒருநாள் என் பையின் வாரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "வலியெல்லாம் இல்ல. பயமாத்தான் இருக்கு" என்றார்.

அன்று நான் ஸ்கூலுக்குப் போகவில்லை.